மருந்தடிக்காத புல்தரை

மே மாதம் இரண்டாவது வாரத்தில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவின் எந்தத் தெருவில் நடந்தாலும் மஞ்சள் பூக்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. டாண்டிலயன். மாண்ட்ரியல் தீவின் மேற்குப் பகுதியில், ஐம்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் வாழும் புறநகர் இது. திருமுருகன் கோயில் இங்கே இருப்பதால் இப்பகுதித் தமிழர்களுக்கு ஊர்ப்பெயர் பழக்கமானது. தனி வீடு, முன்னால் ஒரு துண்டுப் புல்தரை, பின்னால் இன்னொரு துண்டு என்பதே இங்குள்ள தெருக்களின் பொதுவான அமைப்பு. அமெரிக்காவிலிருந்து கோடை விடுமுறைக்கு வரும் உறவினர்கள் முதலில் கேட்பது, "இதற்கு மருந்தடிக்க மாட்டீர்களா?" என்பதுதான். அடிக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது என்று சொன்னால் நம்பச் சற்று நேரமாகும்.

அந்தச் சட்டம் பிறந்த இடம் இங்கிருந்து மேற்கே அரைமணி நேரக் கார்ப் பயணத்தில் உள்ள ஹட்சன் என்னும் சிற்றூர். ஜூன் இர்வின் என்ற தோல்நோய் மருத்துவர், தம்மிடம் வரும் நோயாளிகளின் உபாதைகளுக்கும் புல்தரைகளில் தெளிக்கப்படும் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிகளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று சந்தேகித்தார். 1985 முதல் நகரமன்றக் கூட்டங்களுக்குப் போய், கடிதங்களை வாசித்து, கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். 1991-ல் ஹட்சன் நகரமன்றம், வெறும் அழகுக்காகப் புல்தரையில் இம்மருந்துகளைத் தெளிப்பதைத் தடை செய்தது. மறு ஆண்டே இரண்டு புல்தரைப் பராமரிப்பு நிறுவனங்கள் மீது வழக்குப் பதிவானது. ஒரு சிற்றூருக்கு இப்படித் தடை விதிக்க அதிகாரம் உண்டா என்று அந்நிறுவனங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. ஒவ்வொரு படியிலும் தோற்று, கடைசியில் கனடாவின் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தன. 2001 ஜூன் 28-ம் தேதி அங்கும் ஹட்சனுக்கே வெற்றி.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி லெரூ-துபே, தீங்கு முழுமையாக நிரூபணமாகும் வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்கலாம் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையைக் குறிப்பிடுகிறார். உலக நாடுகள் இக்கொள்கையை ஏற்று வருவதற்குச் சான்றாக அவர் காட்டும் வழக்குகளில் ஒன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் இந்திய அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு. வட ஆற்காட்டுத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றில் கலந்து, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதாகச் சொல்லப்பட்ட அதே வழக்கு. இந்திய உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஆம்பூர், வாணியம்பாடிக் கிணறுகளுக்காக எழுதப்பட்ட ஒரு தீர்ப்பு, ஐந்தாண்டு கழித்துக் கியூபெக்கில் ஒரு வீட்டு முன்றில் புல்லுக்கு மேற்கோளாகிறது. பாலாறு மீண்டதா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. அது வேறு கதை.

ஹட்சன் தீர்ப்புக்குப் பிறகு கியூபெக் மாகாணமே சட்டம் இயற்றியது. 2003-ல் பொது இடங்களுக்கும், 2006-ல் தனியார் வீட்டுப் புல்தரைகளுக்கும் இருபது வேதிப்பொருட்கள் விலக்கப்பட்டன. அவற்றில் முக்கியமானது 2,4-டி என்ற களைக்கொல்லி. ஒண்டாரியோ 2009-ல் பின்தொடர்ந்தது. 2,4-டி தயாரிக்கும் டவ் நிறுவனம் வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் கீழ் கனடா மீது புகார் தொடுத்தது. 2011-ல் சமரசமாயிற்று. இழப்பீடு ஏதும் தரப்படவில்லை, தடையும் நீடித்தது. ஆனால் கொள்கலனில் எழுதியுள்ளபடி பயன்படுத்தினால் ஏற்க முடியாத ஆபத்து இல்லை என்று கியூபெக் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. கனடாவின் சுகாதாரத் துறையும் 2,4-டி-யின் பதிவை விலக்கவில்லை. எனவே 'நஞ்சு என்று நிரூபணமாகிவிட்டது' என்று மேடையில் முழங்குபவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மஞ்சள் பூ பூக்காமல் இருப்பது ஒரு குழந்தை வெறுங்காலோடு ஓடும் இடத்தில் சிறு ஆபத்தைக்கூட ஏற்கத் தகுந்த பயனா என்பதே ஹட்சன் எழுப்பிய கேள்வி. எனக்கு அதன் விடையில் ஐயமில்லை.

மருந்து போனதும் புல் தன் சொந்தக் காலில் நிற்க வேண்டியதாயிற்று. ஆகவே எந்தப் புல் நிற்கும், எது விழும் என்பதைப் பார்ப்போம்.

இங்குள்ள புல்தரைகளின் தலைமைப் புல், கென்டக்கி நீலப்புல் எனப்படுவது. இது நீலமும் இல்லை, கென்டக்கியும் இல்லை. ஐரோப்பாவிலிருந்து குடியேறிகளோடு வந்த புல். மண்ணுக்கடியில் கிடைத்தண்டு ஓட்டிப் பரவும். ஓரிடம் கிழிந்தால் பக்கத்துப் புல் தானே வந்து மூடிவிடும். மாண்ட்ரியல் குளிரையும் தாங்கும். ஆனால் இதில் ஒரு விசித்திரம் உண்டு. இதன் விதைகளில் பெரும்பாலானவை கருவுறாமலே உண்டாகின்றன. மகரந்தம் விழும், ஆனால் கரு தாயின் திசுவிலிருந்தே நேராக வளரும். ஆக மகள் அப்படியே தாயின் நகல். குரோமோசோம் எண்ணிக்கையும் செடிக்குச் செடி வேறு, 28-லிருந்து நூற்றைத் தாண்டிப் போகும். கலப்பினம் உருவாக்க நினைப்பவருக்கு இதைவிடப் பிடிவாதமான பயிர் கிடைக்காது.

அதனால் முதலில் செய்யக்கூடியதாக இருந்தது தேடுவது மட்டுமே. 1936-ல் பென்சில்வேனியாவின் மெரியன் கோல்ஃப் கழகத்தில் மைதானக் கண்காணிப்பாளர் ஜோ வாலன்டைன், சுற்றியுள்ள புல் நோயில் வாடியபோதும் அடர்ந்து பச்சையாக நின்ற ஒரு திட்டைக் கண்டார். அதிலிருந்து வந்த 'மெரியன்' ரகம் 1947-ல் வெளியானது. இலைப்புள்ளி நோயைத் தாங்கியது. குட்டையாக வெட்டினாலும் பிழைத்தது. புறநகர்கள் எங்கும் அதையே விதைத்தார்கள். ஒரே தாயின் நகல்கள் ஊர் ஊராகப் பரவின. பிறகு துரு நோயும் கரிப்பூட்டை நோயும் வந்தன. ஒரு செடிக்கு வந்தது எல்லாச் செடிக்கும் வந்தது.

இதே பாடத்தை நம் ஊர்க் கம்பு வயல்களும் படித்திருக்கின்றன. அதற்கு இன்னொரு புல்லின் வழியாகப் போக வேண்டும். அது நமக்கு மிக வேண்டிய புல்: பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல். தாவரவியலில் சைனோடான் டாக்டிலான்; ஆங்கிலத்தில் பெர்முடா புல். வெப்ப நாடுகளின் கிரிக்கெட், கால்பந்து, கோல்ஃப் மைதானங்களில் பெரும்பகுதி இந்த அருகும் இதன் கலப்பினங்களும்தான். அருகு போல் வேரோடி வாழ்க என்று மணமக்களை வாழ்த்துகிறோம். அமெரிக்கத் தென்மாநிலப் பருத்தி விவசாயிகளோ, ஒழிக்க முடியாத களை என்று இதைச் சபித்தார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஆய்வு நிலையத்தில் 1936-ல் சேர்ந்த கிளென் பர்ட்டன், அருகைத் தென்னாப்பிரிக்காவின் மெல்லிய அருகினம் ஒன்றோடு கலந்தார். 36 குரோமோசோம் கொண்டது ஒன்று, 18 கொண்டது மற்றொன்று. பிள்ளைக்கு 27. ஆகவே அது மலடு, விதை கட்டாது. 1960-ல் வெளியான 'டிஃப்வே' இவ்வகையைச் சேர்ந்தது. தண்டுத் துண்டுகளை நட்டே பரப்ப வேண்டும். உலகெங்கும் உள்ள டிஃப்வே மைதானங்கள் எல்லாம் உண்மையில் ஒரே செடிதான்.

இதே பர்ட்டன் கம்பிலும் வேலை செய்தவர். அவர் உருவாக்கிய டிஃப்ட் 23ஏ என்ற ஆண்மலட்டு வரிசை இந்தியாவுக்கு வந்தது. அதைத் தாயாக வைத்துப் பஞ்சாபில் தில்பாக் சிங் அத்வால் உருவாக்கிய எச்.பி.1, 1965-ல் வெளியான இந்தியாவின் முதல் வணிகக் கலப்பினக் கம்பு. மகசூல் ஏறியது. அடுத்தடுத்த எச்.பி. ரகங்களுக்கும் அதுவே தாய். எழுபதுகளின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் வந்தபோது எல்லாம் ஒன்றாகச் சாய்ந்தன. கதிர் வரவேண்டிய இடத்தில் பச்சை இலைக்கொத்து வந்ததைப் பார்த்த விவசாயிகள் இன்னும் இருக்கக்கூடும். பர்ட்டனைக் குறை சொல்லி என்ன பயன்? ஒரே ரகத்தை எல்லாரும் விதைத்ததில்தான் கோளாறு.

மாண்ட்ரியலில் அருகு வெளியே குளிர்காலம் தாங்காது. சதுர்த்திக்கென்று தொட்டியில் வளர்த்து, அக்டோபரில் வீட்டுக்குள் எடுத்து வைப்பவர்கள் உண்டு. இங்குள்ள புல்தரைக்குக் கலவைதான் வழி. நீலப்புல்லோடு பல்லாண்டு ரைப்புல்லும், மெல்லிலை ஃபெஸ்க்யூ வகைகளும் சேர வேண்டும். ரைப்புல் ஒரு வாரத்தில் முளைத்துவிடும். நீலப்புல் இரண்டு மூன்று வாரம் எடுக்கும். ஃபெஸ்க்யூ நிழலையும் வறண்ட, சத்தற்ற மண்ணையும் பொறுத்துக்கொள்ளும். ரைப்புல்லுக்கு இப்பெருமையைத் தந்தவர்களில் முக்கியமானவர் நியூஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரீட் ஃபங்க். அவர் புதுப்புல் தேடி நாடு நாடாகப் போவதற்கு முன் நியூயார்க் நகரப் பூங்காக்களுக்குப் போனார். பல பத்தாண்டுகள் மிதிபட்டு, வெயிலும் பனியும் தின்று, யாரும் கவனிக்காமல் பிழைத்திருந்த ரைப்புல் திட்டுகளை சென்ட்ரல் பூங்காவிலிருந்து சேகரித்தார். 1967-ல் வெளியான 'மன்ஹாட்டன்' ரகத்தின் மூதாதையர் அவை. நல்ல புல்லைத் தேட வேண்டிய இடம் தண்ணீர் பாய்ச்சிய தோட்டம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பூச்சிக்கு மருந்து இல்லாத ஊரில் மிக முக்கியமான கண்டுபிடிப்பு வேறொன்று. அது புல்லுக்குள் வாழும் ஒரு பூஞ்சை. இதன் கதை மாட்டுத் தொழுவத்தில் தொடங்குகிறது. 1931-ல் கென்டக்கி மலைச்சரிவில் கண்டெடுக்கப்பட்ட 'கென்டக்கி 31' என்ற உயர் ஃபெஸ்க்யூ, வறட்சியைத் தாங்கியதால் அமெரிக்கத் தெற்கெங்கும் மேய்ச்சலுக்கு விதைக்கப்பட்டது. அதைத் தின்ற மாடுகள் எடை குறைந்தன. சிலவற்றுக்குக் குளம்பு அழுகியது. 1977-ல் ஜார்ஜியாவில் விஞ்ஞானிகள் காரணத்தைப் புல்லின் உள்ளே வாழும் பூஞ்சையோடு தொடர்புபடுத்தினர். நியூசிலாந்தில் ரைப்புல் மேய்ந்த ஆடுகள் தள்ளாடி விழுந்ததற்கும் அதே வகைப் பூஞ்சைதான் காரணம் என்று 1981-ல் தெரிந்தது. அதற்கு மறு ஆண்டு இன்னொன்றும் தெரிந்தது: பூஞ்சை இல்லாத ரைப்புல்லைத் தண்டுவண்டு தின்று தீர்த்தது, பூஞ்சை உள்ள புல்லை விட்டுவிட்டது. மாட்டுக்கு எதிரி, புல்லுக்கு மெய்க்காவலன்.

மேய்ச்சல்காரருக்குச் சாபமாக இருந்தது புல்தரைக்காரருக்கு வரமாயிற்று. வீட்டு முன்னால் யாரும் மாடு கட்டுவதில்லை. 1983-ல் ஃபங்கும் அவருடைய சகாக்களும் ரைப்புல்லைப் புழு தின்னாமலிருப்பதற்கு இப்பூஞ்சையே காரணம் என்று காட்டினார்கள். பூஞ்சை புல்லின் செல்களுக்கு இடையே வாழ்கிறது. புல்லுக்கு நோய் வருவதில்லை. அது சுரக்கும் ஆல்கலாய்டுகள் பூச்சிகளுக்குக் கசக்கின்றன, சிலவற்றைக் கொல்கின்றன. விதைக்குள் புகுந்து அடுத்த தலைமுறைக்குப் போகிறது, தாய்வழிச் சொத்தாக. டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் ஜூலை வெயிலில் புல்தரை வட்ட வட்டமாக வைக்கோல் நிறமானால் அது வறட்சியாக இருக்கலாம், சின்ச் பூச்சியாகவும் இருக்கலாம். தண்ணீர் விட்டும் பச்சையாகவில்லை என்றால் பூச்சிதான். அங்கே பூஞ்சை உள்ள ரைப்புல்லும் ஃபெஸ்க்யூவும் விதைத்தால் அடுத்த ஆண்டு வித்தியாசம் தெரியும். நீலப்புல் விதைகளில் இந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை.

வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது: பூஞ்சை உயிருள்ளது. விதைப்பையை இரண்டு கோடை கார்க்கொட்டகையில் போட்டுவைத்தால் விதை முளைக்கும், ஆனால் உள்ளிருக்கும் காவலன் செத்திருப்பான். மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய பையை வாங்குவதில் லாபமில்லை. இன்னொன்று, இந்தப் புல்லை வெட்டி ஆட்டுக்கோ குதிரைக்கோ போடக் கூடாது.

வேரைத் தின்னும் வெள்ளைப் புழு வேறு ரகம். நம்மூர்க் கடலை, கரும்பு விவசாயிகள் வேர்ப்புழு என்று சொல்வதன் உறவினர். இங்கே ஜப்பானிய வண்டும் ஐரோப்பிய வண்டும் இட்ட முட்டையிலிருந்து வருபவை. பூஞ்சையின் பாதுகாப்பு மண்ணுக்குக் கீழே அதிகம் எட்டுவதில்லை. புழுவைத் தேடி ஸ்கங்க்கும் ரக்கூனும் இரவில் வந்து புல்லைப் பாய்போல் சுருட்டிவிட்டுப் போகும். காலையில் கதவைத் திறப்பவர் தம் புல்தரையைத் தேட வேண்டியிருக்கும். இதற்கு நூற்புழுக்கள் கடையில் கிடைக்கின்றன. அவை வேர்ப்புழுவின் உடலில் புகுந்து கொல்லும் நுண்ணிய புழுக்கள். ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் வரை, மாலையில், ஈர மண்ணில் விட வேண்டும். நண்பகல் வெயிலில் காய்ந்த தரையில் தெளித்துவிட்டு ஏமாற்று வேலை என்று சொல்பவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன்.

டாண்டிலயனுக்கு விடை தேடியவர்களும் அக்கம்பக்கத்தில்தான் இருந்தார்கள். புகையிலை வணிகர் வில்லியம் மெக்டொனால்டின் பணத்தில் 1907-ல் திறந்த வேளாண் கல்லூரி, மெக்கில் பல்கலைக்கழகத்தின் மெக்டொனால்ட் வளாகமாகத் தீவின் மேற்கு முனையில் இருக்கிறது. அங்கே ஆலன் வாட்சன் குழுவினர் கியூபெக்கில் நோயுற்ற லெட்டூஸ் கீரையிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தனர். பார்லிக் குருணையில் வளர்த்து, ஈரமான புல்தரையில் தூவினால், அகன்ற இலைக் களைகள் அழுகும். புல்லுக்கு ஒன்றும் ஆகாது. 'சாரிட்டர்' என்ற பெயரில் 2007-ல் கனடாவில் பதிவானது. ஈரமும் மிதமான வெப்பமும் சேர்ந்தால்தான் வேலை செய்யும் என்பது அதன் பலவீனம். இன்று கடைகளில் அதிகம் காண்பது இரும்புச் சேர்மக் களைக்கொல்லி. அகன்ற இலைகள் புல்லைவிட அதிக இரும்பை உறிஞ்சிக் கருகிவிடும். ஆனால் ஆணிவேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டும். அதே மெக்கில் ஆய்வுகள் புல்லை உயரமாக விடுவதும் மேல்விதைப்பு செய்வதும் டாண்டிலயனைக் குறைக்கும் என்று காட்டின. இதற்குச் செலவே இல்லை என்பதால் விளம்பரமும் இல்லை.

இந்த இடத்தில் க்ளோவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1940-கள் வரை புல்விதைக் கலவையில் வெள்ளை க்ளோவர் மரியாதையாகச் சேர்க்கப்பட்ட செடி. அவரைக் குடும்பம், காற்றின் நைட்ரஜனைப் பிடித்துப் பக்கத்துப் புல்லுக்கும் தரும். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு 2,4-டி சந்தைக்கு வந்தது. அது டாண்டிலயனோடு க்ளோவரையும் கொன்றது. மருந்தைத் திருத்த முடியாததால் க்ளோவர் 'களை' ஆயிற்று. கூடவே யூரியா மூட்டை விற்பனையும் ஏறியது. தடைக்குப் பின் கியூபெக் விதைக் கடைகளில் சிற்றிலை க்ளோவர் கலவை மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறது.

விளையாட்டு மைதானத்தில் கதை மாறும். அங்கே எதிரி கால். மிதிபட்டு இறுகிய மண்ணில் காற்றில்லாமல் வேர் சாகும். பூச்சி பிறகுதான் வரும். மண்ணைத் துளையிட்டு, மணல் பரப்பி, ஆட்டங்களுக்கு இடையே ரைப்புல் தூவி, நீலப்புல்லின் கிடைத்தண்டு ஓட நேரம் கொடுக்க வேண்டும். நகரசபைகளுக்கு நேரம் கொடுப்பதுதான் மிகக் கடினம். எனவே செயற்கைப் புல் எளிய வழியாகத் தோன்றுகிறது. 2015 மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்து, மாண்ட்ரியல் ஒலிம்பிக் மைதானம் உட்படக் கனடாவின் ஆறு நகரங்களிலும் செயற்கைத் தரையிலேயே நடந்தது. ஆண்களுக்கு இப்படிச் செய்வீர்களா என்று வீராங்கனைகள் 2014-ல் மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். போட்டி நெருங்கவே கைவிட்டார்கள். 2026 ஆண்கள் உலகக் கோப்பைக்கு 16 மைதானங்களிலும் இயற்கைப் புல்லே என்று விதி. கூரை மூடிய அரங்குகளிலும் புல் வளர்க்க டென்னசி, மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கணக்கில் ஆராய்ச்சி செய்தன. வீராங்கனைகள் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கோல்ஃப் மைதானங்களுக்குக் கியூபெக் சட்டத்தில் விலக்கு உண்டு. மூன்றாண்டுக்கு ஒருமுறை மருந்தைக் குறைக்கும் திட்டத்தை அரசிடம் தர வேண்டும். பக்கத்துத் தீவான ஈல் பிசாரில் உள்ள ராயல் மாண்ட்ரியல் கழகம், 1873-ல் தொடங்கியது, 2024-ல் பிரசிடென்ட்ஸ் கோப்பையை நடத்தியது. இந்தப் பகுதிக் கோல்ஃப் தரைகளுக்குப் பனியைவிடப் பனிக்கட்டியே பயம். ஜனவரியில் மழை பெய்து உறைந்தால் கட்டிக்கு அடியில் புல் மூச்சுமுட்டும். ஓராண்டு நீலப்புல் இரண்டு மாதத்துக்குள் செத்துவிடும். ஊர்ந்து படரும் பென்ட் புல் அதைப்போல் இருமடங்கு காலம் தாங்கும்.

வீட்டுக்காரருக்கு வேலை இவ்வளவுதான். வெட்டும் கத்தியை எட்டு சென்டிமீட்டருக்கு உயர்த்தி வையுங்கள். ஒரே தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். வெட்டிய துணுக்கை அங்கேயே விடுங்கள். புல்லுக்கு வேண்டிய நைட்ரஜனில் கால் பங்கு அதிலேயே திரும்பிவிடும். தண்ணீர் தினம் தெளிப்பது வேரை மேலேயே நிறுத்திவிடும். ஊர் விதி அனுமதிக்கும் நாளில் ஆழமாக ஒருமுறை போதும். ஆகஸ்டில் புல் பழுப்பானால் செத்துவிட்டதென்று பதறாதீர்கள், பெரும்பாலும் தூங்குகிறது. விதை தூவ ஆகஸ்ட் பாதியிலிருந்து செப்டம்பர் பாதி வரை நல்ல காலம். வசந்தத்தில் தூவினால் களையோடு மல்லுக்கட்ட வேண்டும். தெருவோரத்தில் உப்பு விழும் ஓரடி அகலத்துக்கு மட்டும் உப்பைத் தாங்கும் புல்விதையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அந்த இடத்தில் நீலப்புல்லை ஒவ்வொரு வருடமும் புதைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.